கதவைப் பிடித்தார்: ஆம்

அந்தப் பக்கவாட்டுக் கதவுக்கு யார் மேலும் தயவு தாட்சண்யம் கிடையாது. மருந்துக் கிடங்கின் முற்றத்திலிருந்து குளிர் அறைக்குப் போகும் நடைக்கு அதுதான் வழி. உள்ளேயிருக்கும் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு சாண் கனத்தில் செய்து, மேலே ஸ்பிரிங்கை முறுக்கி வைத்திருந்தார்கள். திறக்க அடையாள அட்டையைத் தட்டி, தோளையும் கொடுக்க வேண்டும். விட்டால் அறைந்து சாத்திக்கொள்ளும். இரண்டு கையிலும் மருந்துத் தட்டோடு வருகிறவர் என்ன செய்வார்? அதனால் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காகக் காலால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே எவருக்கும் கால் தானாக நீண்டுவிடும்.

இந்த வழக்கத்தை நிறுத்துவதுதான் இப்போது பாஸ்காரம்மாவின் வேலை.

பதினோரு வருஷம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பாஸ் எழுதிக் கொடுத்தவள். யார் எந்த வண்டியில் வந்தார்கள், யார் குடையை மறந்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த வருஷம்தான் அவளை மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். காரணம் இருந்தது. இதே கம்பெனியின் இன்னொரு கிடங்கில் எவனோ ஒருவன் ஊழியர் பின்னாலேயே நுழைந்து, குளிர் அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். குழந்தைகளுக்குப் போக வேண்டிய தடுப்பு மருந்து ஒரு வண்டி நிறையப் பாழ். கதவைப் பிடித்துவிட்ட மகராசனுக்கு அவன் முகம்கூட நினைவில்லையாம்.

"ட்ரெயினிங் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றார் மேனேஜர். "எல்லாக் கிடங்கும் அதைத்தான் ஹெட் ஆபீஸுக்கு எழுதுது. குடுத்ததால என்ன மாறுச்சு? அதை எண்ணிக் காட்டுங்க."

அவளுக்கு எண்ணுவது பிடிக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னாள். "முன்பின் தெரியாத ஒருத்தர, கையில பெட்டியோட நம்ம ஆளுங்க பின்னால அனுப்பலாம் சார். இருபது தடவை. எத்தனை தடவை கதவைப் பிடிச்சு விடறாங்கன்னு பாக்கலாம்."

பார்த்தார்கள். இருபதில் பதினேழு.

மேனேஜருக்கு முகம் தொங்கிப்போனது. அவளோ ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கோடு போட்டு எழுதினாள். இன்று இருபதில் பதினேழு. மூன்று மாதத்தில் இருபதில் இரண்டு. தேர்வின் பெயர்: கதவைப் பிடித்தார், ஆம் அல்லது இல்லை. இதைவிடத் துல்லியமாக ஒரு தாள் அந்தக் கட்டடத்தில் எழுதப்பட்டதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை. இலக்கை எட்டினால் நாற்காலி நிரந்தரம் என்றார் மேனேஜர். தாள் அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனதால் தன் பங்குக்கு அடியில் ஒரு வரி சேர்த்தார். மாட்டியவர்களின் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். மூன்று முறை வந்தால் வேலை போகும்.

அந்த வரி வேண்டாம் என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புது நாற்காலியில் உட்கார்ந்த ஜோர் அப்படி.

பயிற்சியும் நன்றாகத்தான் கொடுத்தாள். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் அக்கா ஒருத்தி உண்டு, வாய் சும்மா இருக்காது. அவள்தான் முதல் வரிசையிலிருந்து கேட்டாள்.

"பின்னால வர்றது நம்ம ஆளா இருந்தா?"

"அவங்களும் அவங்க அட்டையத் தட்டித் திறந்துட்டு வரட்டும்க்கா."

"கையில தட்டு இருந்தா?"

"கீழ வெச்சிட்டுத் தட்டட்டும்."

"மருந்த தரையில வெச்சாதான் சீட்டைக் கிழிச்சிருவாங்களே! போன மாசம் அதுக்கு ஒரு ட்ரெயினிங் குடுத்தீங்க."

கூடமே சிரித்தது. பாஸ்காரம்மாவும் சிரித்துச் சமாளித்தாள்.

முதல் மாதம் பதினொன்று. போர்டில் குத்திய பட்டியலில் முதல் பெயர் அவளுடைய கணவருடையது.

அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. குளிர் அறைப் பக்கம் லோடு ஏற்றி இறக்கும் மனிதருக்குக் கிடங்கில் வைத்த பெயரே 'கதவு'. "கதவு வந்தாச்சா?" "கதவு சாப்பிடப் போயிருக்கு." மற்றவர்கள் பின்னால் ஆள் வந்தால் பிடிப்பார்கள். இவர் ஆள் முற்றத்தின் அந்தக் கோடியில் வந்துகொண்டிருந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிர் வெளியே போகிறது என்று சூப்பர்வைசர் கத்துவார். இவர் காதில் ஏறாது.

ஏன் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவரும் அவருடைய அண்ணனும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒரு மாலை, ஷிப்ட் முடிகிற அவசரத்தில், தம்பி வெளியே வந்து கதவை விட்டுவிட்டார். இரண்டு தப்படி பின்னால் அண்ணன் தட்டோடு வந்துகொண்டிருந்தார். கதவு அறைந்தது. உள்ளே கைப்பிடி பனியில் இறுகிக் கிடந்தது. தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார், கனத்த கதவில் சத்தம் வெளியே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்கள். குளிரில் விறைத்து இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பிறகு கைப்பிடியை மாற்றினார்கள், வெளியே அட்டை தட்டும் பெட்டி வைத்தார்கள். கதவு அதே கதவுதான்.

அதற்குப் பிறகு அண்ணன் வேலைக்குப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டிலேயே இருந்து, எட்டு விரலால் மூன்று பேருக்கும் சமைத்துக்கொண்டிருக்கிறார். வெங்காயம் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் அளந்து வெட்டியது மாதிரி இருக்கும். உப்பு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு விதம். குறை சொன்னால் மறுநாள் போடவே மாட்டார்.

இரண்டாம் மாதம் ஆறு. அந்த ஆறிலும் கணவர் பெயர் இருந்தது. போர்டின் முன்னால் நின்று அவர் தன் பெயரைத் தானே வாசித்துவிட்டுப் போனார். அன்று வீடு திரும்பும்போது அவளிடம் கேட்டது இவ்வளவுதான்: "இன்னும் ஒரு தடவைதான் பாக்கியா?"

"ஆமாங்க. கொஞ்சம் பாத்து நடந்துக்குங்களேன்."

"பாக்கறேன். காலு தானா போகுது. அதுக்கு நான் என்ன பண்ண?"

வேலை போனால் வேறு எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கனமான பெட்டியைச் சரியாகத் தூக்குவதும் குளிரில் நிற்பதும்தான். நாற்பத்தேழு வயதில் புதிதாக எந்தக் கிடங்கில் எடுப்பார்கள்? ஆனாலும் தாள் சரியான தாள்தான் என்றே நினைத்தாள்.

மூன்றாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். ஒருவர் போவார், கதவு அறையும். அடுத்தவர் தட்டை இடுப்பில் முட்டுக்கொடுத்து, மழையில் நனைந்துகொண்டே அட்டையைத் தேடுவார். துப்புரவு வேலை செய்யும் அம்மாள் இரண்டு வாளியையும் கீழே வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்தாள். முன்னால் போனவன் திரும்பவே இல்லை. திரும்பினால் பிடிக்கத் தோன்றுமே, பிடித்தால் பெயர் போர்டில் வருமே. இப்போதெல்லாம் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். எண் மட்டும் அழகாகக் குறைந்துகொண்டிருந்தது.

அந்த மாதம் சோதனைக்கு அனுப்பிய வெளியாள் ஒரு வயதானவர். பெரிய கறுப்புக் குடையும், செங்கல் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டியுமாக வருவார். ஒரு நாள் மதியம் அவர் அவளுடைய அறைக் கதவைத் தட்டினார். கையில் பாதி குடித்த தேநீர்.

"என்ன சார், இங்க வந்துட்டீங்க? கதவுல யாராவது உள்ள விட்டாங்களா?"

"கதவுல யாரும் விடலம்மா. நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கீங்க. லாரி நிக்கற சரிவு இருக்கே, அது வழியா ஏறி வந்தேன். நாப்பது நிமிஷமா உள்ளதான் இருக்கேன்."

"நாப்பது நிமிஷமா?"

"பேக்கிங் பக்கம் ஒரு சுத்து சுத்தினேன். கை கழுவினேன். கரெண்ட் போர்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். ஒரு அம்மா டீ குடுத்தாங்க. யாரு நீன்னு ஒருத்தர் கேக்கல."

அவள் பேக்கிங் பகுதிக்கு ஓடினாள். டீ கொடுத்தது லேபிள் அக்காதான்.

"ஏன்க்கா, யாரு என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"நாங்க எதுக்குக் கேக்கணும்?" லேபிளை ஒட்டியபடியே சொன்னாள் அக்கா. "கதவுல பிடிக்காதீங்கன்னீங்க. பிடிக்கல. உள்ள வந்தவர வான்னு சொன்னதும் நாங்க இல்ல, போன்னு சொல்லவும் நாங்க இல்ல. உங்க தாள்ல அது எங்க இருக்கு, சொல்லுங்க?"

தாளில் அது இல்லைதான்.

அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், நாம தப்பான விஷயத்தை எண்ணிட்டு இருக்கோம். கதவைப் பிடிச்சாரா இல்லையான்னு எண்ணக் கூடாது. தெரியாத ஆள் உள்ள வந்தா எத்தனை நிமிஷத்துல ஒருத்தர் போய், நீங்க யாரு, யாரைப் பாக்கணும்னு கேக்கறாங்க? அதை எண்ணணும்."

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டினார். "இந்த மாசம் எத்தனை தடவை ஆச்சு?"

"பதினேழு. பிடிச்சது ரெண்டு."

"இன்னும் மூணுதான் பாக்கி. ரெண்டோட நின்னா இலக்கை எட்டிட்டோம். இப்பப் போய் நாங்க எண்ணினதே தப்புன்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதச் சொல்றீங்களா? முதல்ல இதை முடிங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

இன்னும் இரண்டு சோதனை நடந்தது. யாரும் பிடிக்கவில்லை. இருபதாவது சோதனை பக்கவாட்டுக் கதவில், மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு. அட்டவணையை மாதத் தொடக்கத்திலேயே எழுதி முடித்தவள் அவள்தான். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாருடைய ஷிப்ட் என்பது அப்போது தோன்றவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டில் பெரியவர், கணவரின் அண்ணன், உருளைக்கிழங்கை வேகவைத்து, முட்டை பொரித்து வைத்திருந்தார். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். தட்டை வைக்கும்போது பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"என்னைக்குன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மாமா."

"சொல்லிடும்மா. உன் புருஷன். ஒரு நாள் மட்டும் கையக் கால வெச்சிக்கிட்டு சும்மா போகச் சொல்லு."

"சொல்லலாம். அப்புறம் எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் சொல்லணும்னு நினைப்பாங்கல்ல? நான் எழுதின தாள நானே எப்படி மாமா..."

"தாளு சோறு போடுமா?"

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேட்டிருப்பார் போல. "அவள விடுண்ணே. அவ சொன்னாலும் என்னால ஆகாது. பின்னால காலடிச் சத்தம் கேட்டா எனக்கு அன்னிக்கு நடந்ததுதான் ஞாபகம் வருது. விட்டுட்டுப் போக முடியல."

பெரியவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார்.

"ஒன்பது வருஷமா இதையே சொல்லு! என் விரலை வெச்சு ஊருக்கெல்லாம் கதவு பிடிக்கற. நான் கேட்டேனா? நீ கதவை விட்டதுக்கு நான் ஒரு நாளாவது கோபப்பட்டேனா?"

"படல."

"அது ஸ்பிரிங் கதவு, விட்டா சாத்திக்கும். நீ திரும்பிப் பாக்கலடா. பின்னால வர்றது யாருன்னு ஒரு பார்வை பாத்திருந்தா போதும். எனக்கு அதான் வலிச்சுது. இப்பவும் நீ பாக்கறதில்ல. சத்தம் கேட்டா பிடிக்கற, அவ்வளவுதான். திருடனா இருந்தாலும் பிடிப்ப, நானா இருந்தாலும் பிடிப்ப."

முட்டையில் உப்பு அதிகம். கணவரும் அவளும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள். பாஸ்காரம்மாவுக்கு அழுகை வந்தது. பெரியவருக்காகவா, கணவருக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மழை வலுத்திருந்தது. ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று அடித்து ஐந்து நிமிஷம் ஆயிருக்கும், படிக்கட்டில் இரண்டு பேர் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒன்று கணவருடைய பூட்ஸ் சத்தம். அவளுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும்.

கணவர் தோளில் அந்தச் செங்கல் பெட்டி இருந்தது. மறு கையால் கிழவரின் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்ததில் மரியாதையும் இருந்தது, விட்டுவிடுகிற உத்தேசமும் இல்லை.

"இவர் கதவுகிட்ட என் பின்னால வந்தாரு. மழை கொட்டுது, கையில பெட்டி. வெளிய நிறுத்தி வெக்க மனசு வரல. முகத்தைப் பாத்தேன், தெரிஞ்ச முகமா இல்ல. யாரைப் பாக்கணும்னு கேட்டேன். ஸ்டோர்ஸ்ல ஒருத்தர்னு இழுத்தாரு. அங்க போறதுக்கு முன்னால பாஸ் வாங்கணும் சார்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்தேன்."

"பெட்டியக்கூட நீங்க தூக்கிட்டு வந்தீங்களா?"

"வயசானவர், செங்கல் மாதிரி கனக்குது."

"செங்கல்தான்" என்றார் கிழவர்.

கணவர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேஜைமேல் கோடு போட்ட தாள் இருப்பதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இதான் மூணாவதா?"

அவள் தலையசைத்தாள்.

"கதவைப் பிடிச்சேன். அதை மறைக்க முடியாது. எழுதிக்கோ. எனக்கு லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். படியில் நின்று, பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்ததையும் அவள் கவனித்தாள்.

கிழவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "வீட்டுக்காரரா?"

"ஆமா."

"எத்தனையோ கம்பெனில இந்த வேலை பாத்திருக்கேன். விரட்டினவங்க உண்டு. கண்டுக்காதவங்கதான் ஜாஸ்தி. என் பெட்டியத் தூக்கிட்டு என்னையும் பிடிச்சிட்டு வந்த ஆள் இவர் ஒருத்தர்தான்." கொஞ்சம் தயங்கினார். "அம்மா, அங்க வேற யாரும் இல்ல. பிடிக்கலன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடறேன்."

'இல்லை' என்று ஒரு சொல். எழுதினால் கணவர் வேலை நிலைக்கும், இருபதில் இரண்டோடு இலக்கு நிறைவேறும், நாற்காலியும் நிரந்தரமாகும். இவ்வளவும் ஒரு சொல்லில் கிடைக்கிறபோது மனசு அலையத்தான் செய்யும். அவளுக்கும் அலைந்தது. ஆனால் 'இல்லை' என்று எழுதினால் அவர் செய்தது எதுவுமே தாளில் இருக்காது. தலையைக் குனிந்துகொண்டு போனவர்களோடு அவரும் ஒருவர் ஆகிவிடுவார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவைப் பிடித்தார்: ஆம் என்று எழுதினாள். பிறகு அளவுகோலை எடுத்து, பக்கத்தில் தாள் முழுதும் ஒரு புதுக் கோடு இழுத்தாள். அதன் தலையில் 'யார் என்று கேட்டது, எத்தனையாவது நிமிடம்' என்று எழுதினாள். மேலே பத்தொன்பது கட்டங்களுக்கும் என்ன எழுதுவது? கிழவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். பத்தொன்பது கட்டத்திலும் 'கேட்கவில்லை' என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் 'உடனே' என்று எழுதினாள்.

மேனேஜர் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"மூணு ஆயிடுச்சே! ஒண்ணுல போச்சு. உங்க வீட்டுக்காரராலயே போச்சு."

"ஆமா சார். என் இலக்கு தோத்துடுச்சு. அப்படியே அனுப்பிடுங்க."

"உங்க நாற்காலி?"

"பாஸ் எழுதற மேஜை இன்னும் கீழதான் இருக்கு." சொல்லிக்கொண்டே அடுத்த தாளை நீட்டினாள். "அடுத்த மூணு மாசத்துக்கு இது. சரிவுப் பக்கமும் சேத்து. தெரியாத ஆள ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒருத்தர் கேக்கணும். இருபதுல பதினஞ்சு தடவை. போர்டுல பேர் வேண்டாம். பேரப் போட்டா தலையக் குனிஞ்சுக்கறாங்க."

"இப்ப எத்தனை?"

"இருபதுல ஒண்ணு."

"யாரு அந்த ஒண்ணு?"

"மூணாவது தடவை மாட்டினவர்."

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்தார். வேலைநீக்கக் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அதையும் அவள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இருக்கற ஒண்ணையும் வெளிய அனுப்பிட்டு, அடுத்த தாள எங்கேருந்தும்மா ஆரம்பிப்பீங்க?" என்றார் கடைசியில். கடிதத்தை மறுபடி டிராயரில் போட்டு மூடினார். "கிழிக்கல. உள்ளதான் இருக்கு. மூணு மாசம் பாக்கலாம். உங்க நாற்காலிக்கும் அதே மூணு மாசம்."

அன்று வீட்டில் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. தம்பி சாப்பிட உட்கார்ந்ததும், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்தேன்."

"ம்" என்று இன்னொரு கரண்டி கிழங்கை அவர் தட்டில் போட்டார். உப்பு அன்று சரியாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, சொன்னால் மறுநாள் மாறிவிடும்.

திங்கட்கிழமை காலையும் மழை. போர்டில் பெயர்கள் இல்லை, நாலு ஆணி மட்டும் இருந்தது. பாஸ்காரம்மா இரண்டு கையிலும் பயிற்சிக் கோப்புகளை அணைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு வந்தபோது, அட்டை கழுத்தில் கோப்புகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த லேபிள் அக்கா காலை நீட்டிக் கதவைப் பிடித்தாள். பிடித்தவள் வழி விடவில்லை. திரும்பி, பாஸ்காரம்மாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"என்னக்கா, என்னைத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சா கேக்கக் கூடாதா?"

பின்னால் டிராலியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். பாஸ்காரம்மா அட்டையை எப்படியோ இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அக்கா காலை எடுக்கவில்லை. அடுத்து வந்த துப்புரவு அம்மாளிடமும் அதையே கேட்டாள். அந்த அம்மாள் வாளியைக் கீழே வைக்காமலே, "உன்னைத்தான்" என்றாள்.

தெரிந்தவர்களைக் கேட்பது கணக்கில் சேராது என்று புதுத் தாளில் எழுதியவளே அவள்தான். அதனால் எங்கும் குறிக்கவில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போது, கீழேயிருந்து வரும் குரலைக் கேட்டுக் கேட்டு, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேதான் போனாள்.